முதலில் மாதிரி, பிறகுதான் விமானம்

போர் விமானத்துக்கு மாதிரி செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அசல் விமானம் எங்காவது ஓர் ஓடுதளத்தில் நிற்கும். சந்தேகம் வந்தால் இன்னொரு போட்டோ தேடலாம். ஓட்டியவர் யாராவது கிடைத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ராணுவ ஆளில்லா விமானத்துக்கு மாதிரி செய்கிறவன் பாடு வேறு. அவன் மேசைக்கு வரும் வரைபடங்களில் பல, இன்னும் தரையை விட்டு எழும்பாத விமானத்துடையவை. மாதிரி முதலில் கண்காட்சிக்குப் போகும். அதைப் பார்த்து யாராவது பணம் போட்டால் விமானம் பின்னால் வரும், வராமலும் போகும். முப்பது வருஷம் போல ஷார்ஜா தொழிற்பேட்டையில் இந்த வேலையைப் பார்த்தாகிவிட்டது. சேகரிப்பாளர்களின் அலமாரி முன்னால் போய் நின்றால், எது அசலுக்கு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்றுதான் என் கண் முதலில் பிரிக்கிறது.

நான் கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு பேட்டர்ன் பட்டறையில் தொழில் படித்தவன். பம்ப்பு, மோட்டார் பாடி எதுவானாலும் ஃபவுண்டரியில் வார்ப்பதற்கு முன் தேக்கில் ஓர் உருவம் செய்தாக வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்த குழியில்தான் இரும்பை ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினியம் 13 மில்லிமீட்டர் வரை சுருங்கும். அதனால் எங்கள் அளவுகோலே அந்த அளவுக்கு நீட்டி அடித்ததாக இருக்கும். “எது குறையும்னு தெரிஞ்சு அதை முன்னாலயே சேத்தி வெக்கறவன்தான்டா பேட்டர்ன்காரன்” என்பார் எங்கள் மேஸ்திரி. வளைகுடாவுக்குக் கொண்டுவந்த சாமான்களில் கடைசிவரை உதவியது அந்தப் பாடம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜாவுக்கு வந்தபோது சேர்ந்த இடம் கட்டட மாதிரிகள் செய்யும் பட்டறை. கோபுரம், வில்லா, மால் எல்லாவற்றையும் அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டி, குட்டிப் பேரீச்சை மரம் நட்டு, உள்ளே விளக்கு வைத்துக் கொடுப்போம். 2002-ல் வெளிநாட்டுக்காரரும் துபாயில் வீடு வாங்கலாம் என்று ஆன பிறகு, கடலில் மண் கொட்டி முடிப்பதற்குள் மாதிரியைக் காட்டியே வீடுகளை விற்றார்கள். இல்லாத பொருளுக்கு மாதிரியைக் காட்டி விலை பேசும் பழக்கம் இந்த ஊரில் எங்கள் தொழிலுக்கு முன்பே வேர்விட்டிருந்தது. விமான வேலை அப்போது பட்டறையின் ஒரு மூலையில், ஒரே ஒரு மேசையில் நடந்தது.

அந்த நாளில் அரசு அலுவலகத்துக்கு வரும் விருந்தாளிக்குக் கொடுக்கும் நினைவுப்பரிசு பெரும்பாலும் பாய்மரக் கப்பல், காபி கூஜா, ராஜாளி, வளைந்த குத்துவாள் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். விமானம் கேட்கிறவர்கள் விமானப்படைக்காரர்களும் விமான கம்பெனிகளும்தான். அவர்களுக்கும் பாதிச் சரக்கு பிலிப்பைன்ஸிலிருந்து வந்துவிடும். அங்கே கிளார்க் என்ற பழைய அமெரிக்க விமானத் தளத்தை ஒட்டிய ஊர்களில், பைலட்டுகளுக்காக மஹோகனி மரத்தில் விமானம் செதுக்குவது பல வருஷத்துக் கைத்தொழில். எங்களோடு வேலை பார்த்த பம்பாங்கா மாகாணத்துக்காரர் ஒருவர் இழைப்புளியும் உப்புத்தாளும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எஃப்-16-இன் உடலை உருட்டி எடுத்துவிடுவார். 2000-ல் எமிரேட்ஸ் 80 எஃப்-16 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்ட சமயத்தில் அவர் உளிக்கு ஓய்வே இருந்ததில்லை. ஆளில்லா விமானம் வேண்டும் என்று அப்போது யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்தப் பேச்சை முதலில் எடுத்தவர் குவைத்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர். அவர் கேட்டது பயனியர் என்ற சின்ன விமானம். 1991 போரில் அமெரிக்கப் போர்க்கப்பல்களிலிருந்து அதைப் பறக்கவிட்டு, பீரங்கிக்கு இலக்குப் பார்த்தார்கள். அது தலைக்கு மேல் ரீங்காரமிட்டால் சற்று நேரத்தில் குண்டு விழும் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்துபோனது. குவைத்தின் ஃபைலகா தீவில் இராக்கியச் சிப்பாய்கள் வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு அதனிடம் சரணடைந்தார்கள். ஆளே இல்லாத ஒரு பொருளிடம் ஆட்கள் சரணடைந்த அந்தச் சம்பவத்தில் சேர்ந்த பயனியர் இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. அசலுக்கே இறக்கை ஐந்து மீட்டர் சொச்சம்தான். வழக்கமான 1/72 அளவில் செய்தால் ஏழு சென்டிமீட்டர். மேசையில் வைத்தால் காகிதக் குவியலில் காணாமல் போகும். 1/12 அளவில் செய்து கொடுத்தோம். ஆளில்லா விமானத்துக்கு எந்த அளவு என்பதை முதலில் முடிவு செய்யாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

1/72 என்றால் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம் வருவான். 1930-களில் பிரிட்டனில் விமான மாதிரிகளுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போய், உலகமே பின்னால் போனது. பைலட் உட்காரும் விமானத்துக்கு அது சரியாகவே பொருந்தும். கண்ணாடிக் கூண்டைப் பார்த்ததும், உள்ளே ஓர் ஆள் இருக்கும் இடத்தை வைத்து, பார்க்கிறவர் விமானத்தின் பருமனை மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். ஆளில்லா விமானத்தில் கூண்டு கிடையாது. சொல்லாவிட்டால் யாருக்கும் எதன் அளவும் பிடிபடாது. துருக்கியின் பைரக்தார் டிபி2-க்கு இறக்கை 12 மீட்டர். அமெரிக்க ரீப்பருக்கு 20. குளோபல் ஹாக்குக்கு 39.9, நாம் ஊருக்குப் போகும் 737 விமானத்தைவிட அகலம். மூன்றையும் ஒரே நீளத்தில் செய்து வரிசையாக வைத்தால், மூன்றும் ரிமோட்டில் ஓட்டும் பொம்மை என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். அதனால் பெரிய தொகை கொடுக்கும் வாடிக்கையாளரிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன்: “பக்கத்தில் ஒரு மனிதப் பொம்மை நிறுத்துங்கள், சார்.” அந்த அங்குல மனிதனைப் பார்த்த பிறகுதான், “இவ்வளவு பெரிசா!” என்று பலரும் குனிந்து பார்ப்பார்கள்.

அடுத்த தலைவலி இறக்கை. ஒரு நாள் முழுக்க மேலேயே சுற்ற வேண்டிய விமானத்துக்குக் குறைந்த எரிபொருளில் நிறைய தூக்குவிசை வேண்டும். அதற்கு இறக்கை நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தாக வேண்டும். அதையே 1/48-ல் ரெசினில் வார்த்தால் விரல் அகலத்தில் ஒரு சாண் நீளம் இந்தப் பக்கம், ஒரு சாண் நீளம் அந்தப் பக்கம். வளைகுடா வெயிலில் அது நிற்குமா? ஜூலை மாதம் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். டெலிவரிக்குப் போன பையன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறக்கை இரண்டும் தொங்கிவிடும். உள்ளே எஃகுக் கம்பியை வைத்து வார்க்கப் பழகினோம். அது போதாதபோது பித்தளைக் குழாய். கூடவே மேஸ்திரி சொன்ன கணக்கும் வந்தது: தொங்கப்போகும் அளவுக்கு முன்கூட்டியே மேலே வளைத்து மோல்டு எடுத்துவிடுவோம். நிஜ விமானத்தின் இறக்கையும் பறக்கும்போது மேல்நோக்கி வளையும் என்பதால், புதிதாக இருக்கையில் அது பறப்பதுபோலவே தெரியும். இரண்டு கோடைக்குப் பிறகு நேராகும். அதற்குள் வாங்கியவர் வேறு பதவிக்குப் போயிருப்பார்.

ரெசின் வேலைக்கே இந்த ஊர் ஒத்துவராது. இரண்டு திரவத்தைக் கலந்து சிலிக்கான் ரப்பர் மோல்டில் ஊற்ற வேண்டும். கலந்த நிமிஷத்திலிருந்து அது இறுக ஆரம்பிக்கும். அறை எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் இறுகும். ஏசி நின்றுபோன மத்தியானம் ஊற்றினால் வாளியிலேயே கல்லாகிவிடும். அதனால் கோடை முழுக்க வார்ப்பு வேலை விடியற்காலையில்தான். குமிழியைப் போக்க வாக்குவம் தொட்டியில் வைத்து எடுப்போம். பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, அதற்கப்புறம்தான் வண்ணம்.

வண்ணம் என்றால் சாம்பல். பார்க்கிறவருக்கு ஒரே சாம்பல்தான். எங்களுக்கு அது ஒரு குடும்பம். அமெரிக்க அரசின் வண்ணப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண். முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் மினுக்கம், 2 பாதி மினுக்கம், 3 மங்கல். இரண்டாவது இலக்கம் 6 என்றால் சாம்பல் வகை. எங்கள் ஸ்பிரே பெயின்டர் பெஷாவர்க்காரர். எழுதப் படிக்க வராது, ஆனால் அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார். எண்ணில் உள்ளபடியே அடித்தாலும் சரியாக வராது என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். பெரிய விமானத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையில் உள்ள காற்று அதன் வண்ணத்தை வெளுத்துக் காட்டும். மாதிரியைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிறோம். அதனால் சாம்பலில் கொஞ்சம் வெள்ளை சேர்த்தால்தான் கண் ஒப்புக்கொள்ளும். தகடுகளுக்கு நடுவே உள்ள கோடுகளும் அப்படியே. அசலில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி 1/72-ல் தலைமுடியைவிட மெல்லியது. அதை அளவுப்படி போட்டால் யாருக்கும் தெரியாது, கொஞ்சம் தடித்துப் போட்டால்தான் “என்ன நுணுக்கம்!” என்பார்கள். அளவைத் தவறவிடாமல் அளவை மீறுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லத் தெரியாதவன் இந்த வேலையில் நிற்க முடியாது. பிரெடேட்டருக்கு வால் கீழ்நோக்கிக் கவிழ்த்த வி. ரீப்பருக்கு மேல்நோக்கிய வி. அடியில் தனியாக ஒரு துடுப்பும் உண்டு. டிபி2-க்கு இரட்டைத் தண்டு, அதன் முனையில் கவிழ்த்த வி. பிரெடேட்டருக்கும் ரீப்பருக்கும் மூக்குப் பக்கம் ஏன் மண்டை புடைத்திருக்கிறது என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். செயற்கைக்கோளோடு பேசும் தட்டு ஆன்டெனா அந்தப் புடைப்புக்குள் இருக்கிறது. அடியில் தொங்கும் உருண்டையில் கேமரா. அந்த உருண்டைக்குப் பல வருஷம் தேரா சந்தையில் கறுப்பு மணி வாங்கி வைத்தோம். மெல்லிய ஆன்டெனாவுக்குக் கித்தார் கம்பி. சுழலும் புரொப்பெல்லருக்கு வட்டமாக வெட்டிய தெளிந்த அக்ரிலிக்.

தகவல் கிடைப்பதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் விளம்பரக் கையேட்டில் உள்ள மூன்று கோணப் படமும் ஏழெட்டுப் போட்டோக்களும் வரும். படத்தில் போட்ட நீளம் ஒன்று, போட்டோவை அளந்தால் வருவது ஒன்று. சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் அதை வைத்து மற்றதைக் கணக்குப் போடுவோம். பிறகு கம்ப்யூட்டர் ஃபைல் அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்பாடா என்று திறந்தால், பாதி விவரங்களைத் துடைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆன்டெனா இருக்காது, கேமரா உருண்டை மொட்டையாக இருக்கும், காற்று நுழையும் வாய் மூடியிருக்கும். ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஆள் எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் சேர்த்த ஒரு சின்ன முளையை “இது வேண்டாம்” என்று எடுக்கச் சொன்னார். நாங்கள் அதை யாருடைய ரகசியத்திலிருந்தும் எடுக்கவில்லை. அவர்களே வெளியிட்ட போட்டோவில் இருந்தது. சொல்லிப் பயனில்லை, எடுத்துவிட்டோம். கண்காட்சி மாதிரியில் எது இல்லையோ அதுதான் முக்கியமான பாகம் என்று அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சு.

2008 கடைசியில் வீட்டு விற்பனை சரிந்தது. கட்டட மாதிரிக்கு வந்த ஆர்டர்கள் ஒரே மாதத்தில் காணாமல் போயின. முன்பணம் கொடுத்தவர்களே போனை எடுக்கவில்லை. பட்டறையைக் காப்பாற்றியது மூலையில் இருந்த விமான மேசை. அதற்கு வேலை தந்தவை கண்காட்சிகள். அபுதாபியின் ஐடெக்ஸ் பாதுகாப்புக் கண்காட்சி 1993-லும் துபாய் விமானக் கண்காட்சி 1989-லும் தொடங்கியவை. இரண்டுமே ஒற்றைப்படை வருஷத்தில்தான் நடக்கும். அதனால் ஒற்றைப்படை வருஷத்தில் கையில் காசு, இரட்டைப்படை வருஷத்தில் கடன் என்று எங்கள் வாழ்க்கை ஓடியது. ஆளில்லா வாகனங்களுக்கென்றே யுமெக்ஸ் என்ற கண்காட்சியை 2015-ல் தொடங்கி, பிறகு அதை இரட்டைப்படை வருஷங்களுக்கு மாற்றினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது விவசாயிக்கு இரண்டாம் போகம் கிடைத்த மாதிரி.

2011 நவம்பரில் துபாய் கண்காட்சியில் அபுதாபியின் ஆட்காம் நிறுவனம் யுனைடெட் 40 என்ற விமானத்தைக் காட்டியது. பாம்பு நெளிவதுபோல வளைந்த உடல், முன்னும் பின்னும் இரண்டு ஜோடி இறக்கை. மாதிரி செய்கிறவன் கண்ணுக்கு அது விருந்து. எங்கும் நேர்கோடு இல்லாததால் எந்த இடத்தில் மோல்டைப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டே நெடுநேரம் சுற்றி வந்தேன். 2013 பிப்ரவரி ஐடெக்ஸில் இரண்டு செய்திகள். அமெரிக்கப் பிரெடேட்டரின் ஆயுதம் தாங்காத ஏற்றுமதி வடிவமான எக்ஸ்பி-யை எமிரேட்ஸ் வாங்குகிறது, மதிப்பு 19.7 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அந்த எக்ஸ்பி முதன்முதலில் பறந்தது மறு வருஷம், 2014-ல்தான். இன்னொன்று இத்தாலியின் பியாஜியோ கொண்டுவந்த ஹேமர்ஹெட். தொழிலதிபர்கள் போய்வரும் அவந்தி என்ற அழகான விமானத்திலிருந்து ஆளை எடுத்துவிட்டுச் செய்தது. முன்னால் சின்ன இறக்கை, பின்னால் தள்ளும் இரண்டு புரொப்பெல்லர். அதற்கு முதலீடும் ஆர்டரும் அபுதாபியிலிருந்து போயின. அதே நவம்பரில் இத்தாலியில் பறந்தும் காட்டினார்கள். 2016-ல் சிசிலிக்கு அருகே அது கடலில் விழுந்தது. 2018 முடிவதற்குள் கம்பெனியே திவால் நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது.

ஹேமர்ஹெட் மாதிரி ஒன்று சேகரிப்பாளர் ஒருவரிடம் இருக்கிறது. தன் அலமாரியில் ரீப்பரை இரண்டாம் தட்டிலும் அதை முதல் தட்டிலும் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “ரீப்பரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதைப் பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும்” என்றார். சேகரிக்கிறவர்களின் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் பிடிபட்டது. வென்ற விமானத்துக்கு மாதிரிகள் ஆயிரக்கணக்கில் வரும். இத்தாலியின் இட்டாலெரி, ஜப்பானின் பிளாட்ஸ், ஹாங்காங்கின் ஸ்கங்க்மாடல்ஸ் என்று பிளாஸ்டிக் கிட் போடும் கம்பெனிகள் பிரெடேட்டரையும் குளோபல் ஹாக்கையும் ரீப்பரையும் பெட்டி பெட்டியாகப் போட்டுவிட்டன. தோற்ற விமானத்துக்குக் கண்காட்சிக்கென்று செய்த நாலைந்தோடு சரி. அந்த நாலைந்தும் பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம் கைமாறியவை. திரும்ப எடுத்துப் போகப் பார்சல் செலவு அதிகம் என்று ஸ்டாலைப் பிரிக்கும்போது யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதல் நாள் வரமாட்டார். கடைசி நாள் நாலு மணிக்கு, கையில் பழைய துணியும் அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வருவார்.

போலிகளும் கடைசி நாளுக்குப் பிறகுதான் பிறக்கும். ஒரு மாதிரி வெளியே போனால் யாராவது அதற்குச் சிலிக்கான் மோல்டு எடுத்து நகல் வார்த்து விற்பார்கள். வண்ணத்தையும் பெயர்த் தகட்டையும் அச்சாகச் செய்துவிடுவார்கள். ஆனால் ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலின் நகல் இன்னும் சுருங்கும். சந்தேகத்தோடு யாராவது கொண்டுவந்தால் நான் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. வெர்னியர் வைத்து உடலின் நீளத்தை அளப்பேன். என் பழைய நோட்டில் உள்ளதைவிடக் குறைந்தால், அது வேறு யாரோ பெற்ற பிள்ளை.

இறக்கைக்கு அடியில் ஆயுதம் தொங்க வேண்டுமா கூடாதா என்பதும் அந்த வருஷங்களில் பெரிய விவகாரம். 1987-ல் வந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின்படி, 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகக்கூடிய எதையும் எளிதில் ஏற்றுமதி செய்யக் கூடாது. பெரிய ஆளில்லா விமானமும் ஏவுகணைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனால் மேற்கத்திய ஸ்டால்களுக்குச் செய்தபோது அடிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு கொக்கிகூடத் தெரியக் கூடாது என்று கண்டிப்பு. அந்த ஏற்பாட்டில் சேராத சீனாவின் ஸ்டாலுக்குப் போனால், விங் லூங் மாதிரியின் முன்னால் குண்டுகளையும் ஏவுகணைகளையும் கொலுப்படியில் அடுக்குவதுபோல வரிசைகட்டி வைத்திருப்பார்கள். எந்த நாடு எதை விற்கத் தயார் என்பதை இறக்கையின் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வளைகுடா வாடிக்கையாளருக்கு மாதிரியைவிடப் பெட்டி முக்கியம். நீல வெல்வெட், தங்க நிறக் கொண்டி, மேலே சின்னம், உள்ளே அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த் தகடு. தகட்டில் ஒரு புள்ளி தவறினாலும் அரபியில் பெயரே மாறிவிடும். அதை எழுதிக் கொடுக்க ஒரு சூடானியப் பெரியவரைத்தான் கடைசிவரை நம்பினோம். ஸ்டாண்டு வளைந்த குரோம் கம்பி. விமானம் மூக்கை உயர்த்தி மேலே பாய்வதுபோல இருக்க வேண்டும் என்பார்கள். “இது நாள் முழுக்கத் தட்டையாகச் சுற்றுகிற விமானம், சார்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். “இங்கே நிற்கும்போது பாயட்டும்” என்று பதில் வந்தது.

செய்தியைப் பார்த்தே அடுத்த ஆர்டர் எது என்று ஊகிக்கப் பழகிவிட்டோம். 2019 ஜூனில் ஹோர்முஸ் ஜலசந்தி அருகே ஈரான் ஒரு குளோபல் ஹாக்கைச் சுட்டு வீழ்த்தியது. அதுவரை வருஷக்கணக்கில் கேட்பாரில்லாமல் தட்டில் கிடந்த நீள இறக்கை மாதிரிகளை அந்த மாதமே தேடி வந்தார்கள். 2020 இலையுதிர் காலத்தில் கராபாக் போரில் டிபி2 என்ன செய்தது என்று உலகமே வீடியோவில் பார்த்தது, கத்தாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஒரே கேள்விதான், “டிபி2 இருக்கிறதா?” எமிரேட்ஸுக்கும் இஸ்ரேலுக்கும் 2020 செப்டம்பரில் உறவு ஒப்பந்தம் ஆனபின், 2021 துபாய் கண்காட்சியில் அதுவரை இந்த ஊரில் பெயரைக்கூட உரக்கச் சொல்லாத விமானங்களின் மாதிரிகள் விளக்கு வெளிச்சத்தில் நின்றன. பெயர்த் தகடுகளும் மாறின. 2019 நவம்பரில் அபுதாபி தன் பாதுகாப்புக் கம்பெனிகள் சுமார் 25-ஐ எட்ஜ் என்ற ஒரே குழுமமாக்கியபோது, மாதிரிகளில் ஒரு கீறல்கூட இல்லாமல், தகடு மட்டும் மாற்றும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

2022 ஜனவரி 17-ஐ இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. அன்று காலை அபுதாபி முசஃபாவில் அட்நாக் எண்ணெய்க் கிடங்கின் மீதும் விமான நிலையத்தின் மீதும் ஏமனின் ஹூதிகள் ஆளில்லா விமானங்களை ஏவித் தாக்கினார்கள். முசஃபாவில் எண்ணெய் டாங்கர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானி. கம்பெனி முதலாளியோ அதிகாரியோ இல்லை. நம்மைப் போல் வேலைக்கு வந்தவர்கள். எங்கள் மேசையில் அப்போது அடுத்த மாத யுமெக்ஸுக்கான மாதிரிகள் பிரைமர் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தன. பெஷாவர்க்காரர் ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, “உஸ்தாத், இதுக்கு நம்ம வண்ணம் அடிச்சா அது அழகாத் தெரியுது. அதான் எனக்குப் பிடிக்கல” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தார். அந்த வாரமே நாடு முழுக்கப் பொழுதுபோக்கு டிரோன்களுக்குத் தடை வந்தது. பறக்காத மாதிரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், பார்சல் சீட்டில் “டிரோன்” என்ற சொல்லைப் பார்த்த ஒரு கூரியர்காரர் பெட்டியைத் தொடவே மறுத்துவிட்டார். மாதிரியை வெளியே எடுத்து, தட்டிக் காட்டி, திடமான ரெசின், உள்ளே ஒன்றும் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் கண்காட்சி நடந்தது. எட்ஜ் தன் ஸ்டாலில் கூட்டமாகப் பறந்து தாக்கும் ஹண்டர் 2-எஸ் சிறு விமானங்களைக் காட்டியது. அன்றைக்குப் பிறகு சண்டையில் உபயோகப்பட்ட விமானத்தைக் கேட்டு வருகிறவரிடம், எதற்கு என்று கேட்கிறேன். அருங்காட்சியகத்துக்கோ ஆய்வுக்கோ என்றால் செய்கிறேன். வீழ்ந்தவன் வீட்டுச் சாமானை வரவேற்பறையில் வைப்பதற்கென்றால், கையில் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

இப்போது பட்டறையில் மரத்தூள் வாசனை கிடையாது. முதலில் மரம் போய் மாடல் போர்டு வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வெட்டும் மெஷின். இப்போது ரெசின் 3டி பிரின்டர். ராத்திரி ஃபைலைப் போட்டுவிட்டுப் போனால் காலையில் இறக்கை காத்திருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டு விற்க வந்தவர்களும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஒரு விளம்பர கம்பெனி அப்படிச் செய்வித்த இருபது மாதிரிகளைப் பார்க்கிங்கில் நின்ற வேனிலேயே விட்டுவிட்டு, மறுநாள் எங்களிடம் ஓடி வந்தது. பிரின்டர் கோவைப் பேட்டர்ன்காரனின் கையை எடுத்துக்கொண்டது உண்மைதான். சூடு என்ன செய்யும், எது சுருங்கும், எதைக் கூட்ட வேண்டும் என்ற கணக்கை அதற்கு இன்னும் யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாக வரும் பையன்களுக்கு சாஃப்ட்வேர் என்னைவிட நன்றாகத் தெரியும். “அண்ணா, இதுக்கு ஏன் இத்தனை தேய்ப்பு?” என்று கேட்டுவிட்டு, அச்சுக் கோடுகள் பிரைமருக்கு மேல் தெரிந்ததும் தாங்களே தேய்ப்பார்கள். அவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எந்த மாதிரியை முடித்தாலும் பீடத்தின் அடியில் தேதி, அளவு, எந்த வரைபடத்தின் எத்தனையாவது திருத்தம் என்று பொறித்துவிடு. வாடிக்கையாளர் கேட்கமாட்டார், கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நம் பொருளுக்கு அசல் இல்லை. இன்றைக்குச் செய்யும் வால் அடுத்த கண்காட்சிக்குள் மாறிவிடும், பெயரும் மாறிவிடும். நம் நாட்டு ருஸ்தம்-2 விமானம் பிறகு தபஸ் ஆனது. ருஸ்தம்-2 என்று தகடு போட்ட மாதிரி எந்தக் காலத்துடையது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். கைவிட்ட விமானத்தின் ஃபைலைக் கம்பெனிகள் அழித்துவிடும், ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தார்கள், இன்ன வருஷம் இதுதான் அதன் உருவம் என்று சொல்ல, யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும் ஒரு ரெசின் துண்டுதான் மிஞ்சும். தேதி இல்லாவிட்டால் அது பொம்மை. இருந்தால் அத்தாட்சி.